மலைக்கு வந்த வானொலிக் கிறிஸ்துமஸ்

ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர். அதைச் சுற்றிய மடிப்புகளில் மூணாறு, தேவிகுளம், மாட்டுப்பட்டி, குண்டளை, வட்டவடை என்று ஊர்கள் ஒளிந்து கிடக்கின்றன. ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் இந்தப் பள்ளத்தாக்குகளில் வானொலிப் பெட்டியைத் திருகியவர்களுக்குத் திருச்சியைப் பிடிப்பது பெரும்பாடு, திருவனந்தபுரத்தைப் பிடிப்பதும் பெரும்பாடு. கடல் தாண்டிய கொழும்பு மட்டும் கணீரென்று வந்தது. இதில் மாயம் ஒன்றும் இல்லை. மத்திய அலை பகலில் தரையை ஒட்டியே போகும். குறுக்கே மலை வந்தால் சோர்ந்துவிடும். சிற்றலை மேலே ஏறி, அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, தலைக்கு மேலிருந்து இறங்கும். மேலிருந்து வருவதை எந்த மலை மறிக்கும்? கொழும்பிலிருந்து மூணாறு, வான்வழியில் 500 கிலோமீட்டர்கூட இல்லை.

அதனால் இந்த மலைத் தமிழர்களின் வானொலிக் கிறிஸ்துமஸ் கொழும்பிலிருந்தே வந்தது. பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம், நிலம் சமதளம். கணவாய் திறந்து கிடப்பதால் இந்திய நிலையங்களும் தடையின்றிக் கேட்கும். 1966இல் கோயம்புத்தூர் நிலையம் தொடங்கிய பிறகு கேட்கவே வேண்டாம். இருந்தும் அங்கேயும் முள் கொழும்பில்தான் போய் நின்றது. பாட்டு, சிரிப்பு, பெயர் சொல்லி வாழ்த்து மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தன என்பதே காரணம். இந்த மூன்றையும் சேர்த்துக் கட்டிய கிறிஸ்துமஸ் விழா எங்கே பிறந்தது, இந்த மலைக்கு எப்படி வந்தது என்று பின்னோக்கிப் போனால் ஒரு போர்க்களத்தில் போய் நிற்கிறோம். வீட்டுக்குப் போக முடியாதவர்களுக்காகச் செய்யப்பட்ட விழா அது. தோட்டத் தமிழர்களிடம் அது இவ்வளவு ஒட்டிக்கொண்டதற்கும் அந்தப் பிறப்பே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

வானொலியும் கிறிஸ்துமஸும் சேர்ந்த கதையை எல்லோரும் 1906லிருந்து தொடங்குவார்கள். அந்த டிசம்பர் 24 இரவில் மாசசூசெட்ஸ் கடற்கரையின் பிராண்ட் ராக் என்ற இடத்திலிருந்து ரெஜினால்ட் ஃபெசன்டன் வயலின் வாசித்து, இசைத்தட்டு போட்டு, விவிலியம் படித்து ஒலிபரப்பினார் என்றும், கடலில் கப்பல்களின் தந்திப் பணியாளர்கள் அதைக் கேட்டுத் திகைத்தார்கள் என்றும் சொல்வார்கள். இந்தச் செய்திக்கு ஆதாரம் ஃபெசன்டனே 1932இல் எழுதிய ஒரு கடிதம். எந்தக் கப்பலின் பதிவேட்டிலும் அந்த இரவு பதிவாகியிருப்பதாக ஆய்வாளர்கள் காணவில்லை. நடந்திருந்தாலும் அதன் முதல் நேயர்கள் பண்டிகை இரவில் கடலில் மாட்டிக்கொண்டவர்கள் என்பது கவனிக்கத் தக்கது.

1932 டிசம்பர் 19இல் பிபிசி தன் பேரரசுச் சேவையைத் தொடங்கியது. ஆறே நாளில், டிசம்பர் 25 அன்று, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் சாண்ட்ரிங்காம் மாளிகையிலிருந்து பேசினார். அந்த உரையை எழுதிக் கொடுத்தவர் ரட்யார்ட் கிப்ளிங். தொலைதூரக் குடியேற்றங்களில் இருந்த வெள்ளையர்களைத் தாய்நாட்டோடு கட்டிவைப்பதே நோக்கம். அதில் சிரிப்பு இல்லை, ஆட்டம் பாட்டம் இல்லை. மன்னரின் குரல் மட்டும். இதையெல்லாம் முன்கதையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். நாம் தேடும் விழா 1942இல் பிறந்தது.

1941 டிசம்பர் 7இல் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டு அமெரிக்கா போரில் இறங்கியது. அடுத்த மார்ச் 1ஆம் தேதி அமெரிக்கப் போர்த்துறை ‘கமாண்ட் பர்ஃபாமன்ஸ்’ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. மன்னர் விரும்பிக் கேட்டால் கலைஞர் வந்து ஆட வேண்டும் என்பது பழைய அரண்மனை வழக்கம். இங்கே மன்னரின் இடத்தில் சிப்பாய் உட்கார்ந்தான். உலகின் எந்த மூலையிலிருந்தும் அவன் கடிதம் எழுதலாம். யாருடைய பாட்டு வேண்டும், எந்த நகைச்சுவை நடிகர் வேண்டும், ஊரில் கேட்ட எந்த ஓசை வேண்டும் என்று கேட்கலாம். நடிகர்கள் ஊதியம் வாங்காமல் வந்தார்கள்.

அந்தக் கடிதங்களில் கேட்கப்பட்டவை மனத்தைப் பிசைபவை. வாணலியில் இறைச்சி பொரியும் ஓசை வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். நடிகை கரோல் லாண்டிஸ் ஒரு பெருமூச்சு விட வேண்டும், அது போதும் என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டதையெல்லாம் ஒலிவாங்கியின் முன் செய்து காட்டினார்கள். அடுக்களையையும் தெருவையும் நினைத்து ஏங்கியவனுக்கு அரசாங்கம் அந்த ஓசையைச் செய்து அனுப்பியது. 16 அங்குல இசைத்தட்டுகளில் பதிந்து படைமுகாம்களுக்குக் கப்பலேற்றியது, சிற்றலையிலும் விட்டது.

1942 டிசம்பர் 24 இரவில் இதே நிகழ்ச்சி ஒரு மணி நேரச் சிறப்பு விழாவாக வந்தது. வழக்கமாகப் படைவீரர்களுக்கு மட்டுமே போய்க்கொண்டிருந்த இதை அன்று உள்நாட்டு மக்களும் கேட்டார்கள். அமெரிக்காவின் நான்கு பெரிய வானொலி வலைப்பின்னல்களும் சேர்ந்து ஒலிபரப்பின. தொகுத்து வழங்கியவர் பாப் ஹோப். பிங் கிராஸ்பி, எத்தல் வாட்டர்ஸ், டைனா ஷோர், ஆண்ட்ரூஸ் சகோதரிகள் பாடினார்கள். ரெட் ஸ்கெல்டன் வந்தார். எட்கர் பெர்கன் தன் பொம்மை சார்லி மெக்கார்த்தியோடு வந்தார். வானொலியில் பொம்மலாட்டக் குரல் வித்தை என்றால் விந்தைதான். உதடு அசைகிறதா என்று பார்க்க யாராலும் முடியாது, ஆனாலும் நாடு முழுக்க அந்தப் பொம்மையை நம்பியது. ஸ்பைக் ஜோன்ஸின் குழுவும் வந்தது; அது பானை, மணி, துப்பாக்கிச் சத்தம் எல்லாவற்றையும் வாத்தியமாக்கும் குழு. 1930களிலிருந்தே வானொலியில் பொய்ச்சண்டை போட்டு நாட்டைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்த ஜாக் பென்னியும் ஃபிரெட் ஆலனும் அன்று ஒரே மேடைக்கு வந்தார்கள். நகைச்சுவையும் பாட்டும் மாறி மாறி வரும் கிறிஸ்துமஸ் வானொலி விழா என்ற அமைப்பு அந்த ஒரு மணி நேரத்தில் உறுதிப்பட்டது. பின்னால் உலகத்தில் வந்த இத்தகைய விழாக்களில் அதன் சாயலைக் காணலாம்.

பென்னியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வானொலியில் அவருடைய வேடம் கஞ்சன். கிறிஸ்துமஸுக்குப் பரிசு வாங்கக் கடைக்குப் போகிறார். 1946இல் வந்த நிகழ்ச்சியில் அவர் வாங்கியது ஒரு ஷூ கயிறு. அதன் நுனி உலோகமா, பிளாஸ்டிக்கா என்று தீர்மானிக்க முடியாமல் திரும்பத் திரும்ப வந்து மாற்றுகிறார். கடைச் சிப்பந்தியாகக் குரல் கொடுத்த மெல் பிளாங்க் கதறி அழும் நிலைக்குப் போகிறார். பண்டிகையின் புனிதத்தை இந்தச் சிரிப்பு குறைக்கவில்லை. பண்டிகைக் காலத்தில் மனிதன் படும் கவலையை, கையில் காசில்லாத கூச்சத்தை அது தொட்டது. தோட்டத்து மளிகைக் கடையில் கடன் பற்று எழுதி மாவும் எண்ணெயும் வாங்கியவர்களுக்கு இந்தச் சிரிப்பின் வேர் புரிந்திருக்கும்.

பாட்டுப் பக்கத்தில் அந்தக் காலத்தின் உச்சம் ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’. கிராஸ்பி அதை வானொலியில் முதன்முதலாகப் பாடியது 1941 டிசம்பர் 25இல், போர் தொடங்கிப் பதினெட்டாம் நாள். எழுதி இசையமைத்தவர் இர்விங் பெர்லின். ரஷ்யப் பேரரசிலிருந்து குழந்தையாக அமெரிக்கா வந்த யூதர். 1928 கிறிஸ்துமஸ் நாளில் அவருடைய பச்சிளம் மகன் இறந்துபோனான். அந்தப் பண்டிகை அவருக்குப் பிறகெப்போதும் சாதாரண நாளாக இருந்திருக்காது. படைவீரர் வானொலிக்கு அந்தப் பாட்டைக் கேட்டுக் கடிதங்கள் குவிந்தன. தென் பசிபிக் தீவின் வெக்கையில் உட்கார்ந்து பனியைக் கேட்டவர்கள் அவர்கள். நம் மூணாறில் டிசம்பர் கடைசியில் செண்டுவாரை, லெட்சுமி எஸ்டேட் பக்கம் விடிகாலைப் புல்வெளி வெளுத்துக் கிடக்கும். தோட்டத்தாருக்கு அது அழகு இல்லை. உறைபனி பட்டால் தேயிலைக் கொழுந்து கருகும், வேலை குறையும்.

அமெரிக்கக் கதை இருக்கட்டும். கொழும்பில் அவ்வளவு வலுவான ஒலிபரப்பி ஏன் வந்தது என்பதற்கும் விடை அதே போரில்தான் இருக்கிறது.

1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத்தலைமையகத்தை தில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார். பர்மாவில் ஜப்பானியரோடு போரிட்டுக்கொண்டிருந்த பதினான்காம் படை, தன்னை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று மனம் வெதும்பிய படை. அதில் பெரும்பான்மை இந்தியர்கள். அவர்கள் இருந்த காட்டுக்கு 1944இல் பாடகி வேரா லின் நேரிலேயே போய்ப் பாடினார். ஒவ்வொரு முகாமுக்கும் பாடகரை அனுப்ப முடியாது என்பதால் கொழும்பில் ‘ரேடியோ சீயாக்’ என்ற படைவீரர் வானொலி எழுந்தது. அதற்கென்று மார்க்கோனி நிறுவனத்தின் 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி ஒன்று கொழும்புக்கு வடக்கே, ஜா-எல பக்கம் ஏக்கலவில் நிறுவப்பட்டது. அது முழுவீச்சில் இயங்கத் தொடங்கியபோது போர் முடிந்திருந்தது. ஊர் திரும்பக் கப்பல் வராமல் காத்திருந்த வீரர்களுக்குத்தான் அது பாடியது. பின்னால் பிபிசியில் புகழ்பெற்ற டேவிட் ஜேக்கப்ஸும் டெஸ்மண்ட் கேரிங்டனும் அங்கே அறிவிப்பாளர்களாக இருந்தவர்கள்.

வீரர்கள் போனார்கள், ஒலிபரப்பி அங்கேயே தங்கிவிட்டது. இலங்கைக்கு அது 1949இல் கைமாறியது. கொழும்பில் வானொலி அதற்கு முன்பே இருந்தது; எட்வர்ட் ஹார்ப்பர் என்ற தந்தித்துறைப் பொறியாளர் 1920களில் தொடங்கி வைத்தது, 1925 டிசம்பர் 16இல் முறைப்படித் திறக்கப்பட்டது. ஆனால் ஒரு தீவின் நிலையமாக இருந்ததைத் துணைக்கண்டத்தின் நிலையமாக்கியது படையினர் விட்டுப்போன அந்த இயந்திரம். 1950 செப்டம்பர் 30இல் வர்த்தக சேவை பிறந்தது. கொழும்புத் திட்டத்தின்கீழ் ஆஸ்திரேலியா அனுப்பிய கிளிஃபர்ட் டாட் அதற்குத் தலைமை ஏற்று, விளம்பரத்தால் வாழும் வானொலியைக் கட்டினார்.

இந்தப் பக்கம் இந்தியாவில் 1952இல் செய்தி ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டை அகில இந்திய வானொலியிலிருந்து விலக்கினார். சாஸ்திரிய இசையை மக்களிடம் கொண்டுபோக வேண்டும் என்ற அவர் எண்ணத்தில் மதிப்பு உண்டு, வழிமுறையில் இல்லை. கேட்கிறவன் அலுத்துப்போய் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினான். இந்திக்காரர்களுக்கு அமீன் சயானியின் ‘பினாக்கா கீத்மாலா’ கிடைத்தது. தமிழர்களுக்கு அறிவிப்பாளர் எஸ்.பி. மயில்வாகனம் கிடைத்தார். 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கும்வரை தில்லிக்கு இந்த இழப்பு உறைக்கவில்லை. அதற்குள் தமிழ்நாட்டிலும் கேரள எல்லையிலும் மயில்வாகனம் வீட்டு மனிதராகிவிட்டார்.

எல்லை என்றேன். அப்போதுதான் அந்த எல்லையே எழுந்தது. சித்தூர் தாலுகா கொச்சி அரசில் இருந்தது. பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரில் இருந்தன. 1956 நவம்பர் 1இல் எல்லாம் கேரளமாயின. தேவிகுளம், பீர்மேடு தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போராடியவர்கள் தோற்றார்கள். மொழிவாரி மாநிலம் பிறந்த நாளில் இந்த ஊர்த் தமிழர்கள் மொழிச் சிறுபான்மை ஆனார்கள். அவர்களுக்கு நாள்தோறும் தமிழில் பேசிய குரல் இரண்டு மாநிலங்களுக்கும் வெளியே இன்னொரு நாட்டிலிருந்து வந்தது. வானொலி அவர்களுக்கு எதுவாக இருந்தது என்று யோசிக்கும்போது இந்த நிலையை மறந்துவிடக் கூடாது.

இலங்கை வானொலியின் உயிர் ‘நேயர் விருப்பம்’. அஞ்சலட்டையில் பாட்டைக் கேட்டு எழுத வேண்டும். அறிவிப்பாளர் பாட்டோடு கேட்டவர் பெயரையும் ஊரையும் படிப்பார். ‘நீங்கள் கேட்டவை’, ‘பொங்கும் பூம்புனல்’, ‘இசையும் கதையும்’, ‘இரவின் மடியில்’ என்று நிகழ்ச்சிப் பெயர்களே இன்றும் பலருக்கு மனப்பாடம். 1942இல் சிப்பாய் எழுதிய கடிதமும் எஸ்டேட் லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையிலிருந்து, எழுதிய அஞ்சலட்டையும் ஒரே தேவையிலிருந்து பிறந்தவை. மூணாறைச் சுற்றிய கண்ணன் தேவன் மலையில் முதல் குத்தகை 1877இல் ஜான் டேனியல் மன்றோ பெற்றது. தேயிலைக் கம்பெனி 1897இல் வந்தது. கங்காணிகள் கூட்டிவந்த குடும்பங்கள் மூன்று நான்கு தலைமுறை கடந்தும் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தையே ஊர் என்பார்கள். வேலை இருக்கும் வரை லயம். வேலை போனால் வீடும் போகும். அங்கே உட்கார்ந்திருப்பவரின் பெயரை, ‘மூணாறு’ என்ற சொல்லோடு சேர்த்து ஒரு வானொலி சொல்வது சாதாரணமான பெருமையா? கிறிஸ்துமஸ் காலத்தில் அந்தப் பெயர்ப் பட்டியலில் தேவதாஸ்களும் ஞானம்மாள்களும் அதிகமாக வந்தார்கள் என்பதைக் கேட்டவர்கள் சொல்வார்கள்.

1964இல் சிறீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து இலட்சக்கணக்கானவர்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினரைக் கேரளத்தில் புனலூர் ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தினார்கள். கொழும்பு அறிவிப்பாளரின் தமிழ் அவர்களுக்கு விட்டுவந்த மண்ணின் தமிழ்.

சிரிப்புக்கு வருவோம். இலங்கைத் தமிழ் வானொலியின் நகைச்சுவைக்கு சானா சண்முகநாதனின் ‘லண்டன் கந்தையா’ போன்ற முன்னோடிகள் உண்டு. எல்லோரையும் விஞ்சி நின்றது எஸ். ராமதாஸின் ‘கோமாளிகள்’. மரிக்காராக ராமதாஸ், அப்புக்குட்டியாக ராஜகோபால், உபாலியாக செல்வசேகரன், ஐயராக பி.எச். அப்துல் ஹமீத். முஸ்லிம் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களம் கலந்த தமிழ், பிராமணத் தமிழ் என்று நான்கு பேச்சுகள் ஒரே வீட்டில் மோதிக்கொள்ளும். சிரிப்பு அந்த மோதலிலிருந்து வந்தது. யாரையும் தாழ்த்தி வரவில்லை. 1976இல் அது திரைப்படமாகவும் வந்தது. நாள் முழுக்க மலையாளமும் தமிழும் கலந்து பேசும் எல்லைக்காரர்கள் இந்த நகைச்சுவையின் நுணுக்கத்தை மற்றவர்களைவிட நன்றாக அனுபவித்திருக்க முடியும். சித்தூர் சந்தையிலோ மறையூர் கடையிலோ ஒரு வாக்கியம் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிவது தினப்படிச் செய்தி.

பாட்டிலும் இந்த எல்லைக்கு ஒரு உரிமை உண்டு. கொழும்பு ஒலிபரப்பிய தமிழ்ப் பாட்டில் பெரும்பங்கு எம்.எஸ். விஸ்வநாதனுடையது. அவர் 1928இல் பிறந்தது பாலக்காட்டு எலப்புள்ளியில். பி. லீலா பிறந்தது சித்தூரில், 1934இல். 1955இல் வந்த ‘மிஸ்ஸியம்மா’வில் சாவித்திரிக்காக மேரி மாதா மீது லீலா பாடிய பாட்டு, எஸ். ராஜேஸ்வர ராவ் இசையமைத்தது, எத்தனையோ ஆண்டுகள் பண்டிகை நாள்களில் தமிழ் வானொலிகளில் ஒலித்திருக்கிறது. வேலைக்காகக் கணவன் மனைவியாக நடிக்கும் ஒரு கிறிஸ்தவப் பெண்ணும் இந்து இளைஞனும் படும்பாடே அந்தப் படம். தங்கவேலுவின் சிரிப்பு ஒரு பக்கம், மாதாவிடம் அழும் பாட்டு ஒரு பக்கம். சித்தூரில் பிறந்த குரல் சென்னையில் பதிவாகி, கொழும்பு போய், ஏக்கலவின் கம்பியிலிருந்து கிளம்பிச் சித்தூருக்கே திரும்பி வந்தது.

இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவையையும் விட்டுவிடக் கூடாது. வெர்னன் கொரேயா போன்றவர்களின் நிகழ்ச்சிகள் வழியாக மேலைப் பாட்டு தென்னிந்திய வீடுகளுக்குள் வந்தது. ஜிம் ரீவ்ஸின் கிறிஸ்துமஸ் பாடல் தொகுப்பு 1963இல் வெளியானது. அடுத்த ஆண்டே அவர் விமான விபத்தில் இறந்தார். கேரளத்தின் கிறிஸ்தவ வீடுகளில் அந்தத் தாழ்ந்த குரல் இன்றும் டிசம்பரில் ஒலிக்கிறது.

இவ்வளவும் வெளியிலிருந்து வந்தவை என்று நினைத்தால் தவறு. சிரிப்பையும் பாட்டையும் கிறிஸ்து பிறப்போடு சேர்ப்பது தமிழுக்குப் புதிதல்ல. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1800ஆம் ஆண்டையொட்டி ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். குறத்தி குறி சொல்கிறாள். சிங்கனும் சிங்கியும் வருகிறார்கள். குறவஞ்சிக்கே உரிய குறும்பு அத்தனையும் பெத்லகேமுக்குப் போகிறது. திருநெல்வேலியிலிருந்து மலையேறிய சீர்திருத்தச் சபைக் குடும்பங்கள் கையோடு கொண்டுவந்தவை சாஸ்திரியார் வழிவந்த கீர்த்தனைகள். மூணாறில் கத்தோலிக்கரின் கார்மல் மாதா ஆலயம் 1898இல் தொடங்கியது; துரைமாரின் கிறிஸ்து ஆலயம் 1911இல் திறக்கப்பட்டது, பின்னர் அங்கே தமிழ் ஆராதனை ஒலித்தது. கிறிஸ்துமஸ் மரத்தடி நிகழ்ச்சியில் மேய்ப்பர்கள் அடிக்கும் கூத்தும், கீத பவனியில் தாத்தா வேடக்காரர் ஆடும் ஆட்டமும் வானொலி கற்றுக்கொடுத்து வந்தவை அல்ல. வானொலி அவற்றுக்கு இன்னும் நல்ல பாட்டையும் இன்னும் கூர்மையான வசனத்தையும் கொடுத்தது.

சமய வானொலிகள் பிறகு வந்தன. செஷல்ஸ் தீவிலிருந்து 1970இல் ஃபீபா, மணிலாவிலிருந்து வெரித்தாஸின் தமிழ்ப்பணி, இலங்கையின் புத்தளத்திலிருந்து வந்த 400 கிலோவாட் மத்திய அலை ஒலிபரப்பு, எல்லாம் இந்த மலையில் கேட்டன. நள்ளிரவுத் திருப்பலிக்குப் போக முடியாத முதியவர்களுக்கு அவை பெரிய துணை. சிரிப்புக்கு மட்டும் மறுபடி கொழும்புக்குத்தான் போக வேண்டியிருந்தது.

மலையாளக் கரையிலும் இதே சேர்க்கை தானாக நிகழ்ந்தது. 1969இல் ஆபேல் அடிகளார் கிறிஸ்தவப் பாடல்களுக்காகக் கொச்சியில் தொடங்கிய அமைப்பே கலாபவன். பாட்டுக் கச்சேரியின் இடைவெளியை நிரப்ப வந்த குரல்போலி வித்தை வளர்ந்து, 1981இல் ‘மிமிக்ஸ் பரேடு’ என்ற தனி மேடைக் கலையாக நின்றது. இடுக்கி மலைத் தேவாலயங்களின் கிறிஸ்துமஸ் மேடைகளில் இன்று தமிழ், மலையாளம் இரண்டிலும் நடக்கும் நகைச்சுவைக்கு ஒரு தாய் கொழும்பு என்றால் மறு தாய் கொச்சி.

இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக 1983இல் நடந்த வன்முறைக்குப் பிறகு கொழும்புத் தமிழ் வானொலி பழைய நிலைக்குத் திரும்பவில்லை. தொலைக்காட்சியும் வந்துவிட்டது. 1994இல் தேவிகுளத்தில் அகில இந்திய வானொலியின் பண்பலை நிலையம் வந்தது. மலையாளத்தோடு தமிழிலும் ஒலிபரப்புகிறது. மலைக்கு மலையிலிருந்தே ஒரு நிலையம் கிடைக்கத் தேயிலை வந்து ஏறக்குறைய நூறு ஆண்டு ஆகியிருக்கிறது.

1942இன் அந்த ஒரு மணி நேரத்தை இன்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம். தட்டில் பதிந்து வைத்தார்கள், தட்டு பிழைத்தது. கொழும்பின் நேரடி அறிவிப்புகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அறிவிப்பாளர் அஞ்சலட்டை படித்த அந்தந்த நேரத்தோடு அது காற்றில் போனது. தப்பியவற்றில் பெரும்பகுதி, எழுபது எண்பதுகளில் யாரோ ஒரு நேயர் பாட்டுக்காகப் பதிவு செய்த கேசட்டுகளில், பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டு வந்தவை. அத்தகைய கேசட்டுகள் மூணாறிலும் மறையூரிலும் கொழிஞ்சாம்பாறையிலும் பீரோவின் அடித்தட்டில் இருக்கக்கூடும். மலைக்காற்றின் ஈரத்தில் கேசட் நாடாவில் பூஞ்சை பிடிக்கும்; பிடித்தபின் மீட்பது கடினம். தேவிகுளம் நிலையமும் எல்லையில் உள்ள கல்லூரிகளின் தமிழ்த் துறைகளும் சேர்ந்து ஒரு டிசம்பரில் இவற்றைக் கேட்டு வாங்கி எண்மப் பதிவாக்கினால், அஞ்சலட்டை எழுதியவர்களின் பெயர்களாவது, அவர்களில் சிலர் உயிரோடு இருக்கும்போதே, மறுபடி ஒலிக்கும்.